என்னைப் பற்றி விசாரித்தார்கள்

எந்த நாட்டுத் தூதரகம் என்று சொல்லமாட்டேன். வேலைக்குச் சேர்ந்த அன்று, அங்கே பார்த்ததையும் கேட்டதையும் வெளியே சொல்வதில்லை என்று கையெழுத்து வைத்தேன். அவர்கள் எனக்குச் செய்ததைப் பார்த்தால் அந்தக் கையெழுத்தை நான் மதிக்க வேண்டியதில்லை. ஆனாலும் நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன். என்னில் குறை காண இன்னும் ஒன்றை அவர்கள் கையில் கொடுக்க எனக்கு மனமில்லை.

அப்போது நானும் கணவரும் பாரிசில் லா சப்பலில், மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்துக்குப் பின்னால் ஒரு பழைய கட்டடத்தில் நாலாம் மாடியில் இருந்தோம். ஓர் அறை. கழிப்பறை படிக்கட்டுத் திருப்பத்தில், மூன்று வீட்டுக்கும் பொது. அவர் ஒரு றெஸ்ரோரண்டில் கோப்பை கழுவினார். நான் மன்னார்ப் பக்கத்தவள். ஊரில் தபால் கந்தோரில் வேலை செய்தவள். பாரிசில் யன்னலுக்குப் பக்கத்தில் இருந்து, ஒரு தையல் கொம்பனிக்காகச் சட்டைக் கைகளுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். அதற்குச் சம்பளத் துண்டுச்சீட்டு கிடையாது. சம்பளத் துண்டு இல்லாதவளுக்கு அந்த ஊரில் ஒருவரும் வீடு வாடகைக்குத் தரமாட்டார்கள்.

எங்களுக்கு மேல் மாடியில் யாழ்ப்பாணத்து அக்கா ஒருவர் இருந்தார். எனக்கு அந்த நகரத்தைப் பழக்கியது அவர்தான். எந்தக் கடையில் கருவாடு வரும், எந்த மெத்ரோ வாசலில் பொலிஸ் மறிக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். என் முதல் பிள்ளை வயிற்றிலேயே தங்காமல் போனபோது ஆஸ்பத்திரியில் என்னோடு இருந்து, தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் டொக்டரோடு கதைத்ததும் அவர்தான். அக்காவோடு அவருடைய தம்பியும், தம்பியின் சிநேகிதர்கள் இருவரும் இருந்தார்கள். தம்பிக்கு அகதி விண்ணப்பம் தள்ளுபடியாகியிருந்தது. அதிகம் வெளியே போகமாட்டான். ஞாயிற்றுக்கிழமைகளில் படிக்கட்டில் ஒரு கதிரையைப் போட்டு எல்லா ஆம்பிளையளுக்கும் தலைமயிர் வெட்டிவிடுவான். என் கணவருக்கும் அவன்தான் வெட்டுவான். காசு வாங்கமாட்டான்.

எங்கள் மாதா கோயிலுக்கு வரும் பிரெஞ்சுச் சிஸ்டர் ஒருவர்தான் தூதரக வேலையைப் பற்றிச் சொன்னார். துப்பரவு வேலை. ஆனால் முறையான ஒப்பந்தம், சம்பளத் துண்டு, லீவு எல்லாம் உண்டு. "ஒரு சின்ன விசாரணை இருக்கும், பயப்படாதே, ஒளிக்க உன்னிடம் ஒன்றுமில்லைத்தானே" என்றார். இல்லைத்தான்.

விசாரணை, தூதரகத்தின் பாதுகாப்பு அலுவலகத்தில். அந்த அலுவலகம் பாரிசுக்கு மட்டுமல்ல, சுற்றியுள்ள சில நாடுகளில் இருந்த அவர்களுடைய தூதரகங்களுக்கும் பொறுப்பு என்று பிறகுதான் அறிந்தேன். நகரத்தில் கடைகளிலும் தெருக்களிலும் குண்டுகள் வெடித்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. வாசலில் ஒரு காவலாளி, நீட்டுத் தடியில் பூட்டிய கண்ணாடியைக் காருக்குக் கீழே விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இன்னொருவன் என் கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி, செபமாலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தான்.

உள்ளே இரண்டு பேர். ஒருவர் அந்த நாட்டு அதிகாரி. சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார், அடிக்கடி சிரித்தார். மற்றவர் புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுப் பிரஜை, முந்தி இங்கே பொலிசில் இருந்தவராம். இப்போது தூதரகத்துக்கு விசாரணை வேலை செய்தார். அவர் தமிழில் கேட்க எனக்கு மனம் கொஞ்சம் ஆறியது.

"உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர், மதாம்?"

"ஒரு தம்பி."

"எங்க இருக்கார்?"

"தெரியாது."

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"பெரிய சோதனை எழுதப் போனவன். வழியிலை ஆமி பஸ்ஸை மறிச்சு, பெடியன்களை இறக்கி ஏத்திக்கொண்டு போனது. பிறகு காணேல்லை."

அவர் அதை அதிகாரிக்கு மொழிபெயர்த்தார். அதிகாரி சிரிப்பதை நிற்பாட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். "ரொம்ப வருத்தப்படறார்" என்றார் புதுச்சேரிக்காரர். பிறகு அதே குரலில், "தம்பி எந்த இயக்கத்துலயாவது இருந்தாரா?" என்று கேட்டார்.

"இல்லை."

"நல்லாத் தெரியுமா?"

"என்ரை தம்பி ஐயா."

அதோடு முடிந்தது என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். விசாரணை என்றால் என்னிடம் கேட்பது என்றுதான் விளங்கியிருந்தேன். மற்றவர்களிடம் என்னைப் பற்றிக் கேட்பது என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை.

அடுத்த கிழமை அந்தப் புதுச்சேரிக்காரர் லா சப்பலுக்கு வந்தார். சாம்பல் நிறக் கோட்டும் மினுக்கிய சப்பாத்துமாக வந்தவர், முதலில் நாங்கள் சாமான் வாங்கும் கடையில் நின்று ஒரு பக்கற் தேயிலை வாங்கி, கடைக்காரரிடம் என்னைப் பற்றிக் கேட்டார். பிறகு எங்கள் கட்டடக் காவல்காரியிடம் கேட்டார். பிறகு படியேறி ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கீழ்வீட்டிலிருந்த மனிசி பிறகு கணவருக்கு அந்தக் கேள்விகளை அப்படியே சொன்னாவாம். இந்தம்மாவை உங்களுக்கு எத்தனை நாளாத் தெரியும்? இவங்க வீட்டுக்கு யார் யார் வந்து போறாங்க? வீட்டுக்காரர் எந்தக் கட்சி? ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்டவர்களுக்கு அவர் காரணம் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம்.

பிரெஞ்சுப் பொலிஸ் வந்தால் எங்கள் ஆட்கள் பாஷை விளங்காத மாதிரி நின்றுவிடுவார்கள். வந்தவனும் அலுத்துப்போய்விடுவான். இது தமிழ் கதைக்கிற பொலிஸ். விளங்காத மாதிரி நிற்க இடமில்லை. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேருக்கு விசா இல்லை. ஒருவர் பெயரில் எடுத்த அறையில் ஐந்து பேர் படுத்தார்கள். அவர் என்னைப் பற்றித்தான் கேட்டார், ஆனால் ஒவ்வொருவரும் தங்களைப் பற்றிய கேள்வியாகத்தான் அதைக் கேட்டார்கள்.

அக்காவின் கதவையும் தட்டியிருக்கிறார். கதவைப் பாதி திறந்து அக்கா மறுமொழி சொல்லும்போது, அவருடைய தோளுக்கு மேலால் உள்ளே பார்த்தாராம். தம்பியும் மற்ற இருவரும் கட்டிலில் இருந்தார்கள். பார்த்துவிட்டு நன்றி சொல்லிப் போய்விட்டார். அவருக்கு அவர்களைப் பற்றி எந்த அக்கறையும் இல்லை என்பது எனக்குத் தெரியும். அப்போதும் சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் கட்டிலில் இருந்தவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

அன்றைக்கே மூன்று பேரும் உடுப்புகளைப் பையில் அடைத்துக்கொண்டு வெளிக்கிட்டுவிட்டார்கள். தம்பி பாரிசிலேயே ஸ்டாலின்கிராட் மெத்ரோப் பக்கம் ஒரு சிநேகிதன் அறைக்குப் போயிருக்கிறான். அங்கே மெத்ரோ வாசலில் பொலிஸ் மறித்தது. கையில் பையோடு நின்றான், பேப்பர் இல்லை. அடைத்துவைத்திருந்து, கொஞ்ச நாளில் கொழும்புக்கு விமானம் ஏற்றிவிட்டார்கள்.

பிடிபட்ட செய்தி வந்ததும் நான் மேலே ஓடினேன். அக்கா கதவு திறக்கவில்லை. உள்ளிருந்துதான் கதைத்தார்.

"உம்மைத் தேடி வந்தவனாலைதான் அவன் ஓடினவன்."

"அக்கா, அது வேலைக்கு விசாரிக்க வந்த ஆள். உங்களுக்கு நான் முதலே சொல்லியிருக்க வேணும். வீட்டுக்கு வருவார் எண்டு எனக்கே தெரியாது."

"வேலை தாறவன் ஏன் வீடு வீடாய் வாறான்?"

நான் படியிறங்கி வந்துவிட்டேன்.

முதலில், என்னைத் தேடி வந்தவனால் அக்காவின் தம்பி பிடிபட்டான் என்றுதான் கதைத்தார்கள். அதிலே கொஞ்சம் நியாயம் இருந்தது. கொஞ்ச நாளில் கதை, நான் காட்டிக் கொடுத்துத்தான் பிடிபட்டான் என்று மாறிவிட்டது. எனக்கு வேலை கிடைத்த செய்தி பரவியதும் அதுவே அத்தாட்சியாகிவிட்டது. காட்டிக் கொடுத்ததற்குச் சம்பளமாம் அந்த வேலை. கடையில் நான் நுழைந்தால் நின்றவர்கள் பிரெஞ்சுக்கு மாறினார்கள், என்னைவிட மோசமான பிரெஞ்சில். கணவருக்குத் தலைமயிர் வெட்ட ஆளில்லை. அவர் அரபுக்காரரின் சலூனுக்குப் போய் வந்து கண்ணாடியில் பார்த்தபடி, "இந்த வேலை எங்களுக்கு வேண்டாம்" என்றார்.

"இப்ப விட்டால் அவையள் சொல்லுறது உண்மை எண்டாகிவிடும்" என்றேன்.

"விடாட்டிலும் அதுதான் உண்மை. அவையளுக்கு."

வேலை தொடங்கும் முன் அடையாள அட்டை வாங்கப் போனபோது, புதுச்சேரிக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு பெடியனைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள், பழி என்மேல். நீங்கள் ஒருக்கால் வந்து, இது வேலைக்கான விசாரணை, இவள் ஒருவரையும் பற்றி ஒன்றும் சொல்லவில்லை என்று அந்த அக்காவிடம் மட்டும் சொன்னால் போதும் என்றேன். அவர் கவனமாகக் கேட்டார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன், எழுந்து ஒரு கோப்பி ஊற்றித் தந்தார்.

"விசாரணையைப் பத்தி வெளில பேசக் கூடாது மதாம். அது உங்க பாதுகாப்புக்கும் சேர்த்துத்தான்."

"எனக்கு என்ன பாதுகாப்பு, ஐயா?"

அவர் எழுந்து அடுத்த அறையிலிருந்த அதிகாரியைக் கூட்டிவந்தார். இருவரும் அதிகாரியின் பாஷையில் கதைத்தார்கள். அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். புதுச்சேரிக்காரர் மொழிபெயர்த்தார். "உங்களைப் பத்தி எல்லாரும் நல்லதாத்தான் சொன்னாங்களாம். உங்க பேர்ல ஒரு குறையும் இல்லையாம். சந்தோஷமா இருங்கன்றார்."

எல்லோரும் நல்லதாகச் சொன்னார்கள். அக்காவின் தம்பி பிடிபடும்வரை அப்படித்தான்.

அங்கே இரண்டு வருஷம் வேலை செய்தேன். பாதுகாப்பு அலுவலகம் இருந்த மாடிதான் எனக்குத் தந்த மாடி. காலையில் வாளிக்குள்ளும் பார்த்துத்தான் உள்ளே விடுவார்கள். அந்த அறைகளுக்குள் நான் தனியே போக முடியாது. நான் தரை துடைக்கும்வரை ஒரு காவலாளி கதவடியில் நிற்பான். கடதாசிக் கூடையைத் தொடக்கூடாது, அதை அவர்களே கொண்டுபோய் எரித்தார்கள். சில நாட்களில் மேசையில் பிடிபட்ட கடவுச்சீட்டுகள் பரப்பிக் கிடக்கும், படம் மாற்றி ஒட்டினவை. அவற்றில் எங்கள் ஆட்களின் முகங்களும் இருக்கும். நான் அந்தப் பக்கம் பார்க்காமல் துடைக்கப் பழகிக்கொண்டேன். யாருடைய முகமாவது தெரிந்துவிட்டால், தெரியும் என்பதே எனக்குக் கூடாத காரியமாகிவிடும். அதிகாரி பெட்டியோடு வேறு நாடுகளுக்குப் போவார், வருவார். மாதத்தில் ஒரு தரம் மணி அடித்து, குண்டு வெடித்தால் எப்படி வெளியேறுவது என்று பழக்கினார்கள். எல்லோரும் பெயர்ப்படி வரிசையில் நின்றார்கள். துப்பரவு ஆட்களை எந்த வரிசையிலும் போடவில்லை. நாங்கள் துடைப்பத்தோடு சுவரோரம் நின்றோம்.

லா சப்பலில் படிக்கட்டில் கண்டால் முகம் திருப்பியவர்கள், சந்தையில் தனியே கண்டால் மெல்லக் கிட்ட வந்தார்கள். "உங்கை, தூதரகத்திலை, விசா எடுக்க ஏலுமே? ஒரு சொல்லுச் சொல்லிவிடுவீரோ?" எனக்கு வாளியும் துடைப்பமும்தான் என்று சொன்னால் நம்பவில்லை. செய்ய விருப்பமில்லாமல் பொய் சொல்கிறாள் என்று அதுவும் என் கணக்கில் சேர்ந்தது.

இரண்டு வருஷம் முடிய எல்லா உள்ளூர் ஆட்களையும் திரும்ப விசாரிப்பது அவர்களுடைய வழக்கம். சிரிக்கிற அதிகாரி மாறிப் போயிருந்தார். புதிதாக வந்தவர் இளையவர், சிரிக்கமாட்டார். புதுச்சேரிக்காரர் அதே கதிரையில் இருந்தார். அவர் திரும்ப லா சப்பலுக்குப் போய் வந்ததை நான் அறிந்திருந்தேன். இந்த முறை ஒருவரும் என் கணவருக்குக்கூட ஒன்றும் சொல்லவில்லை.

"உங்க தம்பி இயக்கத்துல சேர்ந்துட்டார்னு எங்களுக்குத் தகவல் வந்திருக்கு, மதாம்."

"ஆர் சொன்னது?"

"அதைச் சொல்ல முடியாது."

"அவனை ஆமி கொண்டு போனது. முதலும் சொன்னனான்."

அவர் பேப்பரைப் பார்த்து வாசித்தார். "வீட்டுல யாருக்கும் சொல்லாம, அப்பாவோட மணிக்கூட்டை எடுத்துக் கட்டிக்கிட்டு, விடியக் காலைல கிளம்பிட்டார். அதுக்கப்புறம் வீட்டுக்கு வரலை. இது சரியா?"

மணிக்கூடு என்பது அவருடைய சொல் அல்ல. புதுச்சேரி ஆட்கள் கடிகாரம் என்பார்கள். சொன்னவர் சொன்னபடியே எழுதியிருக்கிறார்.

தம்பி மணிக்கூட்டை எடுத்தது உண்மை. சோதனை மண்டபத்தில் நேரம் பார்க்க, அப்பா ஏசுவார் என்று சொல்லாமல் எடுத்துக் கட்டிக்கொண்டு முதல் பஸ் பிடிக்கப் போனான். பாரிசில் இதை நான் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சொல்லியிருந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோது, பிள்ளையும் இல்லை தம்பியும் இல்லை என்று அழுது அழுது சொன்னேன். அக்கா என் தலையைத் தடவிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார்.

நான் நடந்ததை நடந்தபடி சொன்னேன். புதுச்சேரிக்காரர் எழுதினார். புதிய அதிகாரி அவனுடைய பிறந்த திகதி கேட்டார், உயரம் கேட்டார், படித்த பள்ளிக்கூடம், கூடப் பஸ்ஸில் போனவர்கள் எல்லாம் கேட்டார். என் தம்பியைப் பற்றி இவ்வளவு அக்கறையாக உலகத்தில் ஒருவரும் கேட்டதில்லை. அம்மா ஆமி முகாம் முகாமாகப் போய் நின்றபோது அவனுடைய பெயரைக்கூட ஒருத்தனும் எழுதி எடுக்கவில்லை.

"இவ்வளவும் கேக்கிறீங்கள். அவன் எங்கை எண்டு அறிஞ்சால் எனக்கும் ஒருக்காச் சொல்லுங்கோ" என்றேன்.

புதுச்சேரிக்காரர் அதை மட்டும் மொழிபெயர்க்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்துக் கூப்பிட்டார்கள். வேலை புதுப்பிக்கப்படவில்லை. புதுச்சேரிக்காரர்தான் சொன்னார், என் முகத்தைப் பார்க்காமல். "உண்மைன்னு அவங்க சொல்லலை மதாம். பொய்யின்னு உறுதியாச் சொல்ல முடியலைன்னு சொல்றாங்க. இந்த வேலைல அது போதும்." நுய்யியில் தனக்குத் தெரிந்த ஒரு பிரெஞ்சுக் குடும்பம் உடுப்புத் தோய்த்து மினுக்க ஆள் தேடுகிறது, சொல்லிவிடட்டுமா என்றார். அவர்கள் விசாரிப்பார்களா என்று கேட்டேன். அவருக்கு முகம் சுருங்கியது. வாசல்வரை கூட வந்தார். அட்டையைக் காவலாளி வாங்கி ஒரு பெட்டிக்குள் போட்டான். இரண்டு வருஷம் தினமும் வணக்கம் சொன்னவன், அன்றைக்கு வெளியே போகிற என் பையையும் கவிழ்த்துப் பார்த்தான்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. இந்த முறை கதவைத் திறந்தார். இரண்டு வருஷத்தில் முதல் தரம் அவரைக் கிட்டத்தில் பார்க்கிறேன், நரைத்திருந்தார். குசினியில் ஏதோ கொதிக்கும் சத்தம் கேட்டது.

"என்ரை தம்பி இயக்கம் எண்டு சொன்னீங்களோ, அக்கா?"

அவர் மறைக்கவில்லை. "மணிக்கூட்டைக் கட்டிக்கொண்டு போனவன், வரேல்லை எண்டு சொன்னனான். நீர் எனக்குச் சொன்னதைத்தான்."

"ஆமி இறக்கினதையும் சொன்னனான். அதைச் சொன்னீங்களோ?"

அக்கா குசினிக்குள் போய் அடுப்பை நிற்பாட்டிவிட்டு வந்தார்.

"அவன் செத்தானோ இருக்கிறானோ தெரியாது. அவன்ரை பேரிலை பொய் சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்தது?"

"நீர் என்ரை தம்பியைக் காட்டிக் குடுக்க உமக்கு எப்பிடி வந்தது?" அக்கா சத்தம் போடவில்லை. "கொழும்பிலை இறங்கினவுடனை பிடிச்சவங்கள். ஏழு மாதம் உள்ளை. ஒரு காதாலை கேக்காது இப்ப. அவன் மயிர் வெட்டிவிட்ட கழுத்துகள் எல்லாம் இஞ்சை நிமிர்ந்து திரியுது."

"நான் காட்டிக் குடுக்கேல்லை, அக்கா."

"அப்ப ஆர் குடுத்தது?"

அந்தக் கேள்விக்கு ஒரு பெயர் சொல்ல முடிந்திருந்தால் அவருக்கும் ஆறியிருக்கும், எனக்கும் ஆறியிருக்கும். ஒருவரும் கொடுக்கவில்லை. ஒரு மனிதர் தன் வேலையைச் செய்ய வந்து கதவைத் தட்டினார், பெடியன் பயந்து ஓடினான், மெத்ரோ வாசலில் வேறு யாரோ தங்கள் வேலையைச் செய்தார்கள். இதை நான் சொன்னேன், எனக்குத் தெரிந்த தமிழில் எவ்வளவு தெளிவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு தெளிவாக. அக்கா கேட்டார். கேட்டு முடிய, "சரி, போம்" என்றார். கதவை அடிக்காமல் மெதுவாகத்தான் சாத்தினார்.

அவர் என்னை நம்பினாரா என்று எனக்குத் தெரியாது. நம்பியிருந்தால் இன்னும் மோசம். அப்படியானால் அவர் சொன்ன பொய்க்கும் காரணம் இல்லாமல் போகும்.

அந்த வருஷமே பாரிசுக்கு வெளியே கூசேன்வில்லுக்கு மாறினோம். சாமான் இறக்க எங்கள் ஆட்கள் ஒருவரும் வரவில்லை. முதலாம் மாடி அல்ஜீரியக்காரரும் கணவரும் ஃப்ரிட்ஜைப் படிப்படியாகத் தாங்கி இறக்கினார்கள். நான் பின்னால் மெத்தையைச் சுருட்டிக்கொண்டு போனேன். மேல் மாடிக் கதவு திறந்து மூடின சத்தம் கேட்டது. நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

கொஞ்சக் காலத்தில் விமான நிலையத்தில் துப்பரவு வேலை கிடைத்தது. அங்கேயும் அட்டை வேண்டும், அதற்கும் விசாரணை உண்டு. ஆள் சேர்க்க வந்த பிரெஞ்சுக்காரி, முந்தி எங்கே வேலை செய்தாய் என்று கேட்டாள். தூதரகத்தைச் சொன்னால் ஏன் விட்டாய் என்று கேட்பாள், அங்கே கேட்டுப் பார்ப்பார்கள். கையெழுத்து வேறு வைத்திருக்கிறேன்.

"வீட்டிலிருந்து பொத்தான் தைத்தேன்" என்றேன்.

"இவ்வளவு வருஷமும் அதுதானா?"

"ஓம்" என்று தமிழில் வாயில் வந்துவிட்டது. பிறகு பிரெஞ்சில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள். அட்டை சீக்கிரமே வந்துவிட்டது, யாரும் எந்தக் கதவையும் தட்டவில்லை. கூசேன்வில்லில் என்னைப் பற்றிச் சொல்ல அப்போது ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. நானும் அதற்குப் பிறகு ஒருவருக்கும் ஒன்றும் சொல்லவில்லை.